மாலதிக்கு: பேங்க்கோடு நீயே பேசு

மதுரை

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. பேரன் தவழ ஆரம்பித்துவிட்டான் என்று படித்ததும் மனசு நிறைந்துபோனது. கடைசிப் பக்கத்தில் கார்டு கடனைப் பற்றி எழுதியிருந்தாயே, அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். இவ்வளவு நாள் யாரிடமும் சொல்லாமல் எப்படித் தாங்கினாய்? அண்ணனுக்குக் கடையில் வியாபாரம் படுத்ததற்கு நீங்கள் இரண்டு பேரும் ஏன் வெட்கப்பட வேண்டும்?

முதலில் அந்த ஏஜென்சிக்காரர் விஷயம். எல்லாக் கடனையும் பாதியில் முடித்து, சிபில் ஸ்கோரையும் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டுகிற மதிப்பெண்) ஏற்றித் தருகிறேன் என்று முன்பணம் கேட்கிறாராமே, ஒரு பைசா கொடுக்காதே. அவர் செய்யப்போவது பேங்க்குக்குப் போன் போட்டுப் பேசுவதுதான். அதை நீயே பேசலாம். தவணை கட்டுவதை நிறுத்தினால்தான் பேங்க் இறங்கி வரும் என்று அவர் சொல்லியிருப்பது எனக்குப் பயமாகவே இருக்கிறது. நிறுத்தினால் அபராதமும் வட்டியும் ஏறும், ஒவ்வொரு மாதத் தாமதமும் உன் கடன் அறிக்கையில் விழும். 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். ஸ்கோரை ஏற்றுகிறேன் என்பதும் வெறும் பேச்சு. உண்மையாகப் பதிவான பாக்கியைக் காசு வாங்கிக்கொண்டு யாராலும் அழிக்க முடியாது. தப்பாகப் பதிவானதைத் திருத்தக் காசே வேண்டாம்.

மினிமம் டியூ, அதாவது பில்லில் போடுகிற குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டி வருவதாக எழுதியிருந்தாய். ஒரு லட்சம் பாக்கி, மாதம் மூன்றரை சதவீதம் வட்டி என்றால் 3,500 ரூபாய். அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 630. நீ 5,000 கட்டினால் அசலில் குறைவது 870 ரூபாய்தான். வருஷக்கணக்காகக் கட்டியும் கடன் அப்படியே நிற்கிறதே என்று அழுதிருக்கிறாய். உன் சிக்கனத்தில் குறையில்லை மாலதி, கணக்கே அப்படி.

அதனால் பேங்க்கில் முதலில் கேட்க வேண்டியது தள்ளுபடி இல்லை. மொத்தப் பாக்கியையும் குறைந்த வட்டியில் தவணையாக மாற்றித் தரச் சொல்லிக் கேள். அண்ணன் வருமானம் குறைந்ததற்கு என்ன ஆதாரம் இருக்கிறதோ அதையும் சேர்த்து, கிளைக்கும் வாடிக்கையாளர் சேவைக்கும் மெயிலில் எழுது. முழுத் தொகையையும் கட்டி முடித்தால் அறிக்கையில் 'குளோஸ்டு' என்று வரும். குறைத்துக் கட்டினால் 'செட்டில்டு' என்றுதான் வரும். அடுத்து வீட்டுக் கடனோ நகைக் கடனோ கேட்கப் போனால், இந்த ஆள் முழுசாகக் கட்டவில்லை என்றுதான் அதைப் படிப்பார்கள். ஏழு வருஷமாவது அது அறிக்கையில் இருக்கும். அந்த பேங்க்கும் குறைந்தது ஒரு வருஷம் புதுக்கடன் தரக் கூடாது என்பது 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி போட்ட விதி. தவணையும் கட்டவே முடியாது என்ற நிலை வந்தால் மட்டும் செட்டில்மெண்டுக்குப் போ.

என் தம்பிக்கு அந்த நிலை வந்தது. வேலை போய், கார்டு பாக்கி 1,80,000க்கு ஏறி நின்றது. பக்கத்தில் உட்கார்ந்து நான்தான் பேசச் சொன்னேன். முதல் போனில் 1,40,000 என்றார்கள். அவன் எவ்வளவுக்குப் பொருள் வாங்கினான், அதுவரை எவ்வளவு கட்டியிருக்கிறான் என்று ஸ்டேட்மெண்டை எல்லாம் கூட்டி வைத்திருந்தோம். "என்னால் 70,000 புரட்ட முடியும், அதுவும் அக்கா தருகிற பணம்" என்று ஒரே வார்த்தையில் நிற்கச் சொன்னேன். கோபப்படவில்லை, கெஞ்சவும் இல்லை. வாரக்கணக்கில் இழுத்து, மார்ச் கடைசியில் 85,000க்கு, மூன்று தவணையில் ஒத்துக்கொண்டார்கள்.

அப்புறம்தான் முக்கியமான கட்டம். வசூல் ஏஜென்ட் போன் செய்து, "இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள என் நம்பருக்கு ஜிபே பண்ணுங்க, லெட்டர் நாளைக்கு வரும்" என்றார். கடிதம் கைக்கு வராமல் பணம் இல்லை என்று சொல்லிவிட்டோம். வந்த கடிதத்தில் தொகை சரியாக இருந்தது, ஆனால் இதோடு கணக்கு முழுதும் தீர்ந்தது என்ற வரியே இல்லை. அதைச் சேர்த்து, பேங்க்கின் லெட்டர்ஹெட்டில், கார்டு எண்ணும் கட்ட வேண்டிய தேதிகளும் போட்டு மறுபடி வாங்கின பிறகே, நேராகக் கார்டு கணக்கில் கட்டினோம். நீயும் தேதி தவறாமல் கட்டு; ஒரு தவணை பிந்தினாலும் பேசியது போச்சு என்பார்கள். யார் கேட்டாலும் வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போடாதே. காசோலை திரும்பினால் அது தனியாகக் குற்ற வழக்காகிவிடும். கார்டு பாக்கி என்பது வெறும் சிவில் விவகாரம். ஜெயில், போலீஸ் என்று மிரட்டினால் நம்பாதே.

உன் மாமியாருக்கு ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் செய்தார்களாமே, எனக்குக் கொதிக்கிறது. காலை 8 மணிக்கு முன்னாலும் மாலை 7 மணிக்குப் பின்னாலும் வசூலுக்குக் கூப்பிடக் கூடாது, குடும்பத்தாரையும் தெரிந்தவர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2022லேயே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. தேதி, நேரம், எண் எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வை. பேங்க்குக்கு எழுத்தில் புகார் கொடு. 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்பட்ஸ்மேனிடம் போகலாம், செலவு கிடையாது. விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) நோட்டீஸ் வந்தாலும் பயப்படாமல் இரண்டு பேரும் போங்கள். அங்கே பேசி முடிப்பது நல்ல வழிதான். ஆனால் அங்கே போடுகிற உத்தரவுக்கு அப்பீல் இல்லை, அதனால் முடியாத தொகைக்குத் தலையாட்டாதீர்கள்.

எல்லாம் முடிந்ததும், பாக்கி எதுவும் இல்லை என்கிற நோ டியூ சான்றிதழ் வாங்கிக்கொள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று கடன் அறிக்கை தயாரிக்கிற நாலு நிறுவனங்களும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகத் தர வேண்டும். நாலையும் எடுத்துப் பார். தம்பி அறிக்கையில் பணம் கட்டி முடித்த பிறகும் பாக்கி இருப்பதாகவே காட்டியது. கடிதத்தையும் ரசீதையும் வைத்துப் புகார் போட்டோம், சரியானது. 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று விதியே இருக்கிறது. கையில் பணம் சேரும்போது தள்ளுபடி ஆன மிச்சத்தையும் கட்டி 'குளோஸ்டு' என்று மாற்றித் தர முடியுமா என்று பேங்க்கில் கேட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். இப்போது சின்னதாக ஒரு எஃப்டி போட்டு, அதன் மேல் ஒரு கார்டு வாங்கி, மளிகைக்கு மட்டும் தேய்த்து, மாதாமாதம் முழுசாகக் கட்டுகிறான். ஸ்கோர் மெதுவாகத்தான் ஏறுகிறது, ஆனால் ஏறுகிறது.

இங்கே எல்லாரும் சௌக்கியம். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. சின்னவள் பிஎட் சேர்ந்திருக்கிறாள். ஐப்பசியில் சென்னைக்கு வருகிறேன், உன் வீட்டில்தான் தங்கல். அதற்குள் இரண்டு கார்டுக்கும் கடைசி ஆறு மாத ஸ்டேட்மெண்டை எடுத்து வை. பேங்க்குக்கு அனுப்புகிற மெயிலை நீ எழுதி எனக்கு அனுப்பு, நான் பார்த்துத் தருகிறேன். அண்ணனிடம் நான் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன் என்று சொல், அவரும் படிக்கட்டும்.

உன்,
சுந்தரி