பாண்டிக்கு ஒரு ரசீது: மதுரையில் கிளி வளர்த்து விற்பவர்களுக்குத் திறந்த மடல்

அண்ணன்மார்களுக்கு வணக்கம்.

எங்கள் வீட்டில் பாண்டி இருக்கிறான். சாம்பல் உடம்பு, சிவப்பு வால். நீங்கள் 'கிரே' என்று சொல்லும் ஆப்பிரிக்கக் கிளி. காலையில் குக்கருக்கு முன்னால் விசில் அடிப்பான். பூக்காரம்மா குரலில் அவன் கூவியதை நம்பி, என் அம்மா காசோடு வாசலுக்குப் போய்த் திரும்பியிருக்கிறார். 2019-இல், இறகு முளைத்தும் முளைக்காத குஞ்சாக, உங்களில் ஒருவரிடம் வாங்கினோம்.

இப்போது என் கணவருக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்திருக்கிறது. எங்கள் மூவருக்கும் விசா வந்துவிட்டது. பாண்டிக்கு மட்டும் வழி பிறக்கவில்லை.

வாங்கிய அன்று ரசீது கேட்டேன். "எதுக்குக்கா? பச்சைக்கிளி வச்சாத்தான் கேஸு. இது ஃபாரின் கிளி" என்றார் விற்றவர். மீனாட்சி கையில் கிளி இருக்கிற ஊர் இது. கோயிலின் கிளிக்கூட்டு மண்டபத்தில் இன்று கிளிகள் இல்லை. பச்சைக்கிளியை வீட்டில் வைத்திருப்பது குற்றம் என்று எனக்கும் தெரியும். அதனால் அவர் சொன்னது சரி என்றே பட்டது. ஆண் என்று காட்டும் டி.என்.ஏ. கார்டு ஒன்று தந்தார். அவன் எங்கே பிறந்தான், யாரிடம் பிறந்தான் என்று அதில் ஒரு வரி இல்லை. காலில் எண் பொறித்த வளையமும் இல்லை.

நாடு விட்டு நாடு போகும்போது கேட்பது அந்த ஒரு வரியைத்தான். வனவிலங்கு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற உலக உடன்படிக்கையில் இந்தியா 1976-லிருந்து இருக்கிறது. 2017 ஜனவரியில் இந்தக் கிளி அதன் முதல் பட்டியலுக்குப் போய்விட்டது, புலி இருக்கும் அதே பட்டியலுக்கு. எனவே முதலில் ஜெர்மனியில் இறக்குமதி அனுமதி வாங்க வேண்டும். அதைக் காட்டினால்தான் இங்கே ஏற்றுமதி அனுமதி. அதற்கும், பறவை சட்டப்படி கைக்கு வந்தது என்று அதிகாரி நம்ப வேண்டும். 2024-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பாண்டியைப் பதிவு செய்தோம். அவன் எங்களிடம் இருக்கிறான் என்பதை அது சொல்லும். எப்படி வந்தான் என்பதற்கு என்னிடம் என்ன இருக்கிறது?

அந்தச் சட்டத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆப்பிரிக்கக் காட்டில் குச்சியில் பசை தடவி இந்தக் கிளிகளைப் பிடிக்கிறார்கள். கானா நாட்டில் 1992-க்குப் பிறகு நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் அழிந்துவிட்டன. ரசீது இல்லாத பாண்டியைப் பார்க்கும் அதிகாரிக்கு, இவன் மதுரையில் பொரித்த குஞ்சா, பசையில் மாட்டி வந்தவனா என்று எப்படித் தெரியும்? இதை விசாரித்துத் தெரிந்துகொண்ட அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் கொடுத்த பணம் எங்கே போய்ச் சேர்ந்ததோ என்ற கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

வேறொரு கடைக்காரர், "பழைய தேதி போட்டு பில் தர்றேன்க்கா" என்றார். உதவ நினைத்துத்தான் சொன்னார். வேண்டாம் என்று வந்துவிட்டேன். பொய் பில்லோடு பிடிபட்டால் எங்கள் மேல் வழக்கு வரும், அதைவிட, பாண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

உங்களிடம் கேட்பது இதுதான். குஞ்சுக்கு மூடிய வளையத்தை முதல் சில வாரங்களுக்குள் போட்டுவிடுங்கள். கால் பெருத்த பிறகு அது ஏறாது. அந்த எண், தாய் தந்தை ஜோடியின் விவரம், பொரித்த தேதி, உங்கள் கையெழுத்து, இவ்வளவும் ரசீதில் இருக்கட்டும். 2023 ஏப்ரலிலிருந்து நம் நாட்டுச் சட்டத்திலேயே இந்தப் பறவைகள் வந்துவிட்டன. சைட்டிஸின் முதல் பட்டியல் இனங்களை இனப்பெருக்கம் செய்ய உரிமம் வேண்டும், குஞ்சு பொரித்தால் தெரிவிக்கவும் வேண்டும். ஆக, உங்களுக்கும் காகிதம் தேவைதான். வாங்குகிறவர் கேட்காவிட்டாலும் கொடுங்கள். நாற்பது வருடத்துக்கு மேல் வாழக்கூடிய பறவை இது. அத்தனை வருடத்தில் அந்தக் குடும்பம் எந்த ஊருக்குப் போகுமோ, யார் கண்டது?

அப்புறம், எனக்கு விற்ற அண்ணனுக்குத் தனியாக. உங்கள் பழைய கடையில் இப்போது செல்போன் விற்கிறார்கள். நீங்கள் இருக்கும் இடம் தெரியாமல்தான் இதை ஊரறிய எழுதுகிறேன். உங்கள் மேல் புகார் கொடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை. 2019 ஆவணியில், அட்டைப்பெட்டியில் மரத்தூள் போட்டு நீங்கள் தந்த குஞ்சு அவன். உங்கள் ஜோடிக்குப் பிறந்தவன்தான் என்றால், அதை இன்றைய தேதி போட்டு எழுதிக் கொடுங்கள். வேறு எங்கிருந்தாவது வந்தவன் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அப்படியானால் பாண்டி திருமங்கலத்தில் என் தம்பி வீட்டில் இருப்பான். அதற்கான படிவத்தையும் நான் போவதற்குள் கொடுத்தாக வேண்டும்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
பாண்டியை வளர்க்கும் ஒரு அக்கா,
எல்லீஸ் நகர், மதுரை.