குடியாத்தம் அக்காவுக்கும் உடன் நின்ற அனைவருக்கும்

வேலூர் நண்பர்களே,

ஆம்பூர் காலணி நிறுவனத்துக்கான ஆர்டர் படிவத்தின் நிரலை நேற்றிரவு ஒப்படைத்துவிட்டோம். இந்த வாரம் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். மனதில் ஈரம் காய்வதற்குள் நன்றி சொல்லிவிடுகிறேன்.

முதல் நன்றி குடியாத்தம் அக்காவுக்கு. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எங்கள் அலுவலகத்துக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. காட்பாடியில் ரயிலுக்குக் காத்திருந்தவர், நான் அனுப்பிய நிரலைக் கைப்பேசியிலேயே படித்துவிட்டு அழைத்தார். "தம்பி, ஓமிட் போட்ட இடத்தைப் பாருங்கள்" என்றார். டைப்ஸ்கிரிப்ட் மொழியில் ஒரு மதிப்பு எந்த வகை என்று சொல்லும் வரையறைதான் டைப்; அதிலிருந்து வேண்டாத பகுதியை நீக்கித் தரும் கருவி ஓமிட்.

படிவத்தில் நிறம் ஒன்று, அளவுகள் பல. ஒன்றைத் தேர்ந்தால் ஒற்றை மதிப்பு, பலவற்றைத் தேர்ந்தால் பட்டியல் என்று வெளி நூலகத்தின் (பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்பின்) தேர்வுப் பெட்டி தன் டைப்பில் தெளிவாகப் பிரித்தே வைத்திருந்தது. அதன் மேல் எங்கள் காம்பொனென்டை, அதாவது திரையின் ஒரு பகுதியை உருவாக்கும் நிரல் துண்டைப் போர்த்தி, அதற்குக் கொடுக்கும் உள்ளீடுகளில் (பிராப்களில்) ஒரு பிராப்பை மட்டும் ஓமிட்டால் நீக்கியதும் அந்தப் பிரிவு காணாமல்போனது. 2019இல் டைப்ஸ்கிரிப்ட் 3.5உடன் வந்த ஓமிட், ‘இதுவோ அதுவோ’ என்று பல டைப்களைச் சேர்த்த யூனியன் டைப்பின் உறுப்புகளைத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. பொதுவான பிராப்களைத் திரட்டி ஒரே டைப்பாக்கிவிடுகிறது.

அக்கா ஒரு துண்டுத்தாளில் கையால் எழுதிப் படமெடுத்து அனுப்பினார். ‘டி எக்ஸ்டெண்ட்ஸ் அன்னோன்’ என்று தொடங்கும் ஒரே வரி. உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, அதன் பிறகே ஓமிட்டைச் செலுத்தும் வரி அது. அடியில், "ஏன் என்று புரிந்த பிறகு போடுங்கள்" என்று ஒரு குறிப்பு. ரயில் ஏறிய பிறகும் விடவில்லை; சிக்னல் விட்டு விட்டு வந்தபோதும் அரக்கோணம் வரை என் கேள்விகளுக்குப் பதில் எழுதிக்கொண்டே போனார்.

எல்லாவற்றுக்கும் எந்த மதிப்பையும் கேள்வியின்றி ஏற்கும் ‘எனி’ டைப்பைப் போட்டு, பிழை காட்டும் நிரல் எடிட்டரின் வாயை அடைத்துவிடலாம்தான். ஆனால் அந்தக் காம்பொனென்டை நாளை எடுத்தாளப்போகிறவர் கண்ணைக் கட்டிக்கொண்டல்லவா வேலை செய்ய வேண்டியிருக்கும்? முகம் தெரியாத அந்த ஒருவருக்காகவும் அக்கா அக்கறைப்பட்டார்.

காம்பொனென்டுகளைக் கட்ட உதவும் ரியாக்ட் நூலகத்தின் 19ஆம் பதிப்பில், திரை உறுப்பை நேரடியாகப் பிடிக்க உதவும் ரெஃப்பைச் சாதாரண பிராப்பாகவே வாங்கலாம், அதைக் கடத்தும் பழைய வழியான ஃபார்வர்ட்ரெஃப் தேவையில்லை என்று காட்டிக்கொடுத்த ராணிப்பேட்டை அண்ணன், மடிக்கணினி தந்த சத்துவாச்சாரி நண்பர், நேரம் கழிந்தும் சாப்பாடு எடுத்துவைத்திருந்த காந்தி நகர் மெஸ்காரர், எல்லோருக்கும் நன்றி.

இனிச் சனிக்கிழமை மாலைகளில் எங்கள் அலுவலகத்தில் இருப்பேன். டைப் சிக்கலோடு யார் வந்தாலும், அவருக்குப் புரியும்வரை கூடவே உட்காருவேன். அக்கா, ஆற்காடு மக்கன் பேடா ஒரு பெட்டி உங்கள் வீடு தேடி வரும். மறுக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும்.