பெரம்பூரிலிருந்து மல்லிகாவுக்கு

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் பொங்கலுக்கு முன்பே வந்துவிட்டது. காது குத்தும்போது மாமன் மடியில் பேத்தி அழவே இல்லையாமே! உன் பிடிவாதம் அப்படியே இறங்கியிருக்கிறது. கடைசி வரியில் போகிற போக்கில் "உன் மூச்சு எப்படி இருக்கிறது?" என்று கேட்டிருந்தாய். அதற்குத்தான் இவ்வளவு நீளமான பதில்.

ஐப்பசி மழையில் சுவரெல்லாம் பூஞ்சை பூத்ததிலிருந்தே என் ஆஸ்துமா சரியில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு இருமலோடு எழுந்து உட்கார்ந்துவிடுவேன். நெஞ்சுக்குள் விசில் சத்தம். வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் போனேன். முதுகில் இரண்டு இடத்தில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். "நெஞ்சு சுத்தமாக இருக்கிறது. ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்கு இந்தப் பதற்றம் சகஜம்" என்றார். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுக்கொண்டே பழைய நீல இன்ஹேலரைத்தான் திரும்பவும் எழுதினார்.

நெஞ்சு சுத்தம் என்று அவர் சொன்னது பொய்யில்லை. பகல் பதினோரு மணிக்கு அப்படித்தான் இருக்கும். பின்னிரவில் இறுகும் மூச்சுக்குழாய் வெயில் ஏறியதும் தளர்ந்துவிடுவது இந்த நோயின் குணம். மூன்று மணிக்கு நடப்பதை அவரால் பார்க்க முடியாது, சரி. பார்த்தவள் சொல்வதையாவது கேட்கலாம் அல்லவா?

மருந்துக்கடையில் பீக் ஃப்ளோ மீட்டர், அதாவது மூச்சை எவ்வளவு வேகமாக ஊதுகிறோம் என்று அளக்கும் கருவி வாங்கி, காலையும் மாலையும் ஊதி நோட்டில் குறித்தேன். மாலையில் 340 காட்டும் கருவி விடியலில் 240க்கு இறங்கும். அந்த நோட்டை அவர் முன் வைத்தால் புரட்டக்கூட இல்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் சிகிச்சைக் குறிப்புகளின் நகலை எழுத்து மூலம் கேட்டேன். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதியிலேயே இருக்கிறது. முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்கள்.

அதை எடுத்துக்கொண்டு தாம்பரம் சானடோரியம் அரசு நெஞ்சக மருத்துவமனைக்குப் போனேன். வரிசை நீளம்தான். ஆனால் அங்கிருந்த இளம் மருத்துவர் நோட்டைப் பக்கம் பக்கமாகப் படித்தார். ஸ்பைரோமெட்ரி என்ற ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனை எடுத்து, மூச்சுக்குழாயைத் தளர்த்தும் மருந்தை உறிஞ்சச் சொல்லி, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதவைத்தார். அளவு நன்றாக ஏறியது. "பதற்றமெல்லாம் இல்லை அம்மா, ஆஸ்துமாதான் கட்டுக்குள் இல்லை" என்றார். அழுகை வந்துவிட்டது, சிரிக்காதே.

இப்போது ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர். உடனே பயப்படாதே. மாத்திரையில் மில்லிகிராம் கணக்கு, இதில் மைக்ரோகிராம்தான். உறிஞ்சியதும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் வாயில் வெண்படலம் படியலாம். இன்ஹேலரில் பொருத்தும் ஸ்பேசர் என்ற குழலை வைத்து இழுத்தால் மருந்து தொண்டையில் தங்காமல் நெஞ்சுக்குள் போகிறது. இந்தப் போகிப் புகையிலும் என்னால் இரவு தூங்க முடிந்தது.

உன் மாப்பிள்ளையும் நீல இன்ஹேலர் ஒன்றை மட்டுமே வைத்திருப்பதாக எழுதியிருந்தாயே, அவரிடம் இதைச் சொல். அது அந்த நேரத்து இறுக்கத்தைத் தளர்த்தும், உள்ளே இருக்கும் வீக்கத்தைத் தொடாது. பெரியவர்களுக்கு அதை மட்டும் கொடுத்து நிறுத்தக் கூடாது என்று ஆஸ்துமாவுக்கான உலக வழிகாட்டுதலான ஜினா 2019இலேயே சொல்லிவிட்டது. அவருடைய மருத்துவரும் கையை வீசி அனுப்பினால் வேறு மருத்துவரைப் பார்க்கட்டும். இதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

பங்குனியில் அறுபத்து மூவர் பார்க்க வருவாய் அல்லவா? இங்கேயே தங்கு. கொசுவர்த்திச் சுருள் மட்டும் கொண்டுவராதே, வலை கட்டித் தருகிறேன்.

அன்புடன்,
சாரதா