தம்பி, காதைக் கவனி

அன்பு மகனுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் நோ முன்னரைவிடப் பரவாயில்லை. அக்காவின் மூத்தவன் யூனிவர்சிட்டிக்குப் போகத் தொடங்கிவிட்டான். மற்றப் புதினங்களை அம்மா எப்படியும் வட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பா. நான் எழுதுவது வேறொரு விஷயத்துக்கு.

போன ஞாயிறு பெரிய மாமா வீட்டில் பழைய ஆட்கள் எல்லோரும் கூடினோம். சின்ன வயதில் நீ தலைமயிர் அங்கிள் என்று கூப்பிடுவாயே, அவரும் வந்திருந்தார். சாப்பாடு முடிய, வழக்கம்போலக் கதை எழுபதுகளுக்குப் போய்விட்டது. எந்த இரவு, எந்த மண்டபம், யார் பக்கத்தில் யார் நின்றது என்று அதே பழைய வழக்கு.

லெட் செப்பெலின் ரொக் குழு 1975 மே மாதம் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் மண்டபத்தில் ஐந்து இரவுகள் வாசித்தார்கள். முதலில் மூன்று இரவு என்றுதான் அறிவித்தார்கள். ரிக்கற்றுகள் பறந்துவிட்டதால் இன்னும் இரண்டைக் கூட்டினார்கள். ஓர் இரவுக்கு 17,000 பேர். நானும் மாமாவும் போனது 24ஆம் திகதி சனிக்கிழமை. மாமா இன்றைக்கும் அது 25ஆம் திகதி, கடைசி இரவு என்று சாதிக்கிறார். அவர் சொல்வது பிழை, எனக்கு நல்ல ஞாபகம். மேடைக்கு மேலே பெரிய திரை வைத்திருந்தார்கள். எங்கேயோ தூரத்தில் இருந்த எங்களுக்கும் கிற்றார்காரர் ஜிம்மி பேஜின் விரல்கள் தெரிந்தன. அதற்கு முதல் அப்படியொன்றை நாங்கள் கண்டதில்லை. நடுவில் கதிரை போட்டு இருந்து, மின்சாரம் இல்லாத கிற்றாரில் கொஞ்ச நேரம் வாசித்தார்கள். அவ்வளவு பெரிய மண்டபம் அப்போது அடங்கிப்போய்க் கேட்டது. பிறகு ஜோன் பொனம் தனியாக ட்ரம்ஸ் அடித்தார். ஒரு கட்டத்தில் குச்சியைப் போட்டுவிட்டு வெறும் கையால் அடித்தார். அந்த அடியை நான் காதால் கேட்டதாக நினைவில்லை. அது நேராக நெஞ்சுக்குள் வந்து இறங்கியது.

இந்தக் கதை உனக்குப் பாடம், தெரியும். 2007 டிசம்பரில் அவர்கள் லண்டன் ஓ2 அரங்கில் ஒரே ஓர் இரவு மீண்டும் சேர்ந்தபோது பொனமின் இடத்தில் மகன் ஜேசன் இருந்தார். இரண்டு கோடிப் பேர் ரிக்கற்றுக்கு விண்ணப்பித்ததாகப் பத்திரிகைகள் எழுதின. நீயும் நானும் கொம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்து விண்ணப்பித்தோம், கிடைக்கவில்லை. தகப்பன் இறந்து 27 வருடம் கழித்து அதே பாட்டுகளுக்கு, அதே நண்பர்களுக்குப் பின்னால் இருந்து மகன் அடிப்பது எப்படி இருந்திருக்கும் என்று அன்றிரவு நீ கேட்டாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத் தொண்டை அடைத்தது, அதுதான்.

தலைமயிர் அங்கிள் பிங்க் ஃபுளொயிட் குழுவின் கதையை எடுத்தார். 1973 மே, அதே ஏர்ல்ஸ் கோர்ட். வீடில்லாதவர்களுக்கு உதவும் ஷெல்ட்டர் அமைப்புக்காகக் காசு சேர்த்த நிகழ்ச்சி அது. முப்பட்டைக் கண்ணாடி அட்டை போட்ட அல்பம் வெளிவந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. முன்னால் மட்டுமல்ல, மண்டபத்தைச் சுற்றிவர ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். காலடிச் சத்தம் தலைக்குப் பின்னால் தொடங்கிச் சுற்றி நடந்து போனதாம். ஒரு விமானம் சனத்தின் தலைக்கு மேலாகப் பறந்து வந்து மேடையில் மோதியதாம். அந்தச் சத்தத்தை யார் நடக்கவிட்டது என்று நீ அவரைக் கேட்டபோது உனக்கு ஒன்பது பத்து வயது இருக்கும். மற்றப் பிள்ளைகள் விமானத்தைப் பற்றிக் கேட்டார்கள். நீ மட்டும் அந்த ஆளைப் பற்றிக் கேட்டாய்.

இன்றைக்கு அந்த ஆள் நீதான். போன கோடையில் அக்கா ஒரு வீடியோ காட்டினா. ஆயிரக்கணக்கான சனத்துக்கு நடுவில், சத்தத்தை மிக்ஸ் பண்ணும் மேசைக்கு முன்னால் நீ நிற்கிறாய், விரல்கள் மட்டும் அசைகின்றன. அதை நான் கோயிலில், கடையில், பஸ்ஸில், கேட்டவர் கேளாதவர் எல்லோருக்கும் காட்டினேன். ஆனால் அம்மம்மாவின் ஆண்டுத் திவசத்துக்கு நீ வரவில்லை. அம்மா வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, உனக்கென்று எடுத்து வைத்த சாப்பாட்டைப் பிறிட்ஜில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தா. பேர்லினில் இருந்து இரண்டு மணித்தியாலப் பறப்பு. சரி, வேலை. விளங்குகிறது.

நான் சொல்ல வந்தது சார்ள்ற்றன் பற்றி.

1976 மே 31, வங்கி விடுமுறைத் திங்கள், த ஹூ என்ற ரொக் குழு, லண்டன் சார்ள்ற்றன் கால்பந்து மைதானத்தில். காலையிலிருந்து மழை. ரிக்கற் இல்லாதவர்களும் உள்ளே வந்துவிட, நிற்கக் கால் வைக்க இடமில்லை. எங்களைத் தள்ளித் தள்ளிக் கடைசியில் ஒலிபெருக்கிகளுக்குப் பக்கமாகக் கொண்டுபோய் விட்டார்கள். அதை நாங்கள் அதிர்ஷ்டம் என்றுதான் நினைத்தோம். அந்த நிகழ்ச்சி உலகத்திலேயே கூடிய சத்தமான கொன்சேட் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது: 50 மீட்டர் தள்ளி அளந்தபோதே சத்தம் 120 டெசிபல். நாங்கள் அதைவிடக் கிட்ட நின்றோம். பிறகு கின்னஸ்காரரே அந்தப் பிரிவை எடுத்துவிட்டார்கள், காதைக் கெடுக்கும் போட்டியை வளர்க்கக் கூடாதென்று.

டெசிபல் கணக்கு என்னைவிட உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், நீ வாசி. 85 டெசிபலில் எட்டு மணித்தியாலம் நிற்கலாம். மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 100 என்றால் கால் மணித்தியாலம். 120 என்றால் சில நொடிகள். நாங்கள் ஒரு முழு நிகழ்ச்சிக்கும் நின்றோம், காதில் ஒரு துண்டுப் பஞ்சுகூட இல்லாமல். அந்தக் காலத்தில் பஞ்சு வைத்தால் சிரிப்பார்கள். நீ நிற்பது ஒரு நாள் அல்ல, ஊர் ஊராக, கிழமைக்கு எத்தனையோ இரவு. காதுக்குள் இருக்கும் அந்த நுண்ணிய மயிர்க்கலங்கள் ஒருமுறை செத்தால் திரும்ப முளைப்பதில்லை. அதற்கு மருந்தும் இல்லை.

போன ஞாயிறு மாமா வீட்டில் எங்களில் இருவர் காதுக் கருவி போட்டிருந்தார்கள். மாமாவும் வாங்கிவிட்டு லாச்சிக்குள் போட்டு வைத்திருக்கிறார். ஒருவர் ஏர்ல்ஸ் கோர்ட்டைப் பற்றிக் கேட்க, மற்றவர் சார்ள்ற்றனைப் பற்றிப் பதில் சொன்னார். மாமி குசினிக்குள் இருந்து தேத்தண்ணி வேண்டுமா என்று மூன்று தரம் கேட்டிருக்கிறா, ஒருவருக்கும் கேட்கவில்லை. எவ்வளவு அழகான இரவுகளை ஞாபகம் வைத்திருக்கிற மனிதர்கள் இவர்கள். தங்கள் பேரப்பிள்ளைகள் மெல்லச் சொல்வது இவர்களுக்குக் கேட்பதில்லை. அதைப் பார்த்துக்கொண்டு இருக்க எனக்கு மனம் பொறுக்கவில்லை.

எனக்கும் இரவில் இடது காதுக்குள் ஓயாத ஓர் ஓசை இருக்கிறது, சில்வண்டு கத்துவது போல. அம்மாவுக்கு இது தெரியாது, நீயும் சொல்லாதே. உனக்கு அப்படி ஏதும் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. இருந்தால் அதை லேசாக எடுக்காதே என்று மட்டும் சொல்கிறேன்.

த ஹூவின் கிற்றார்காரர் பீற் ரவுன்சென்ட் தன் காது கெட்டதற்கு மேடையைவிட ஸ்ரூடியோவில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டதைத்தான் குறை சொன்னார். இதை நன்றாகக் கவனி. நிகழ்ச்சி முடிந்து ஹோட்டலுக்குப் போய், அன்றைய பதிவை ஹெட்போனில் திரும்பக் கேட்பேன் என்று நீ ஒருமுறை சொன்னாய். அதே குழுவின் பாடகர் ரொஜர் டால்ற்றி 2018இல் மேடையில் நின்றே, தனக்குக் காது கேட்பது மிகக் குறைவு, நீங்களாவது காதில் அடைப்பான் வையுங்கள் என்று சனத்திடம் சொன்னார். பாடுகிறவரே மன்றாடிச் சொல்கிறார், தம்பி.

அடைப்பான் போட்டுக்கொண்டு மிக்ஸ் பண்ண முடியாது என்று சொல்வாய். நான் விசாரித்தேன். காதின் அச்செடுத்து, இசைக்காரருக்கென்றே செய்து தருகிறார்கள். மேல் சுருதி, கீழ் சுருதி எல்லாவற்றையும் ஒரேயளவாகக் குறைக்குமாம், மங்கலாகக் கேட்காதாம். சரிபார்க்க வேண்டிய நேரம் கழற்று, பிறகு திரும்பப் போடு. மற்றக் குழுக்கள் வாசிக்கும்போது நீ ஏன் வெறும் காதோடு நிற்கவேண்டும்? அப்போதாவது போடு. காசு நான் தருகிறேன். காசுக்காக யோசிக்காதே.

நத்தார் நேரம் வந்திருந்தபோது சின்னவள் உன் முதுகுக்குப் பின்னால் நின்று அப்பா, அப்பா என்று கூப்பிட்டாள். ரீவி போட்டிருந்தது, அதனால்தான் என்று மருமகள் சொன்னா. ரீவி அவ்வளவு சத்தமாகவும் இருக்கவில்லை. சரி, அதை விடு.

அதற்குப் பிறகு நீ போனில் கதைப்பது குறைந்துவிட்டது. எல்லாம் மெசேஜ். கதைத்தாலும் என்ன, என்ன என்கிறாய். லைன் சரியில்லை என்கிறாய். அம்மா நீ எங்களோடு கோபம் என்று நினைத்து அழுகிறா. நான் அப்படி நினைக்கவில்லை. நீ கோபக்காரப் பிள்ளை அல்ல.

ஒரு உதவி செய். வருகிற மாதம் கடைசிக் கிழமை நான் காதைச் சோதிக்கப் போகிறேன், நாள் எடுத்துவிட்டேன். டொக்டர் சொல்வதைச் சரியாகக் கேட்டு விளங்கிக்கொள்ள எனக்குக் கூட ஓர் ஆள் வேண்டும். அக்காவுக்கு வேலை. மாமாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பிரயோசனமில்லை. நீ வா. கூட வருகிறவரையும் அதே நாளில் சோதிப்பார்களா என்று கேட்டேன், முதலே சொன்னால் செய்யலாம் என்றார்கள். உன் பெயரையும் கொடுத்து வைத்திருக்கிறேன். விருப்பமில்லை என்றால் எடுத்துவிடலாம், ஆனால் விருப்பமில்லை என்று சொல்லாதே.

செவ்வாய் பின்னேரம் மூன்றரைக்கு. திங்கள் இரவே வந்துவிட்டால் நல்லது. விமான ரிக்கற் நான் போடுகிறேன், எந்த நேரம் வசதி என்று எழுது, போன் எடுக்க வேண்டாம். அம்மா பருத்தித்துறை வடை சுட்டு வைப்பா. அதுவரை வேலைக்குப் போகும்போது, மருந்துக்கடையில் விற்கிற சாதாரண நுரை அடைப்பானையாவது போடு.

அன்புடன்
அப்பா