தூதுணம் புறவு தூது போகவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த புறாக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். மாடப்புறா, மணிப்புறா, கர்ணப்புறா என்று அடுக்கியிருந்த பெயர்களே ஒரு விருந்து. மரகதப்புறாதான் தமிழ்நாட்டின் மாநிலப் பறவை என்பது என் பேத்திக்கு அதைப் படித்த பிறகுதான் தெரிந்தது. ஆனால் பட்டினப்பாலையில் வரும் ‘தூதுணம் புறவு’ என்பதைத் தூதுப்புறா ஆக்கி, காவிரிப்பூம்பட்டினத்தில் அந்தக் காலத்திலேயே புறா அஞ்சல் நடந்தது என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

தூது, உண், அம், புறவு என்று அந்தச் சொல் பிரியும். இங்கே தூது என்றால் சிறுகல். கல்லை உண்ணும் அழகிய புறா என்பதே பழைய உரை. பாட்டைக் கொஞ்சம் முன்னாலிருந்து படித்திருந்தாலே தெரிந்திருக்கும். முனிவர்கள் வேள்வி செய்கிறார்கள். அந்தப் புகை பிடிக்காமல் குயில் தன் பேடையோடு பறந்துபோய், பூதம் காக்கும் கோயிலில் புறாக்களோடு ஒண்டுக்குடித்தனம் இருக்கிறது. ஓலையும் இல்லை, செய்தியும் இல்லை.

என் அண்ணன் மொட்டை மாடியில் புறா வளர்த்தவர். கம்பும் சோளமும் கூடு நிறையக் கிடந்தாலும், அவை வெளியே வந்து மணலையும் செங்கல் துகளையும் கொத்திக்கொண்டிருக்கும். பல் இல்லாத பறவை. வயிற்றுக்குள் போன கல்தான் தானியத்தை அரைத்துக் கொடுக்கிறது. அதைக் கண்ணால் பார்த்த ஒருவர்தான் இப்படி ஒரு பெயரை வைத்திருக்க முடியும்.

உண்மையான தூதுப்புறாவும் சினிமாவில் வருவதுபோல் சொன்ன இடத்துக்கெல்லாம் போகாது. வேறெங்காவது கொண்டுபோய் விட்டால் தன் கூட்டுக்குத் திரும்பும், அவ்வளவுதான். ஒடிசா காவல்துறை 1946இல் தொடங்கிய புறா அஞ்சலும் இந்தப் பழக்கத்தை நம்பித்தான் நடந்தது.

கட்டுரையாளரை ரொம்பக் கடிந்துகொள்ளவும் மனம் வரவில்லை. ‘புறவு’ என்ற சொல்லே ஏமாற்றுக்காரச் சொல். அதற்கு முல்லைக்காடு என்றும் பொருள் உண்டு. சிபியின் கதையைச் சொல்லும் புறநானூறு 39ஆம் பாட்டில் ‘புறவின் அல்லல்’ என்று வருவதற்கு, ‘காட்டுக்கு வந்த துன்பம்’ என்று ஒரு மாணவன் தேர்வில் எழுதினான். அரை மதிப்பெண் போட்டேன். அகராதியைப் புரட்டிவிட்டுத் தப்பு செய்தவன் அல்லவா!

திருத்தம் வெளியிட இடமில்லை என்றால், ‘சங்ககாலத்துத் தபால்காரர்’ என்ற அந்தத் துணைத்தலைப்பையாவது இணையப் பதிப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் கட்டுரைப் போட்டிக்கு எழுதுகிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
மயிலாடுதுறை.