தாழ்ப்பாளைக் கேட்டவனின் யோக்கியதை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செவ்வாய்க்கிழமைத் தலையங்கத்தில், சின்ஜியாங்கில் உய்குர் முஸ்லிம்களைக் கட்டாய வேலை வாங்கிப் பஞ்சு எடுப்பது ஏன் என்று சீனாவைக் கேட்க ‘அமெரிக்காவுக்கு என்ன யோக்கியதை?’ என்று எழுதியிருந்தீர்கள். விசாரணையில்லாமல் ஆட்களை அடைத்துவைத்த குவாண்டனாமோ சிறை, ஈராக் போர் என்று வரிசையாகப் போட்டிருந்தீர்கள். எல்லாம் நிஜம்தான். ஆனால் அந்தக் குவாண்டனாமோ சிறையை வைத்துக்கொண்டுதான் 2012 மார்ச்சில் ஜெனீவாவில், ஐ.நா. மனித உரிமைக் கவுன்சிலில், இலங்கைக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்தது அமெரிக்கா. அன்றைக்கு முதல் பக்கத்தில் வரவேற்றீர்கள். ஏனுங்க, அப்போது யோக்கியதை ஊருக்குப் போயிருந்ததா? 2009 மே மாதம் அதே ஜெனீவாவில் இலங்கைக்குச் சாதகமான தீர்மானத்தை நம் நாடு ஆதரித்தது தாங்கள் அறியாததல்ல.

நான் திருப்பூர் பனியன் கம்பெனியில் 19 வருசம் செக்கிங் பார்த்தவள். அங்கே பெண்கள் பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். சூப்பர்வைசரிடம் சொன்னோம், முதலாளி வீட்டு அம்மாவிடமும் சொன்னோம். கடைசியில் எங்கள் பனியனை வாங்கும் வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு ஆள் அனுப்புகிறான் என்றதும் ஒரே ராத்திரியில் தாழ்ப்பாள் வந்தது, சோப்பும் வந்தது. (சோப்பு மறுநாளே போய்விட்டது.) அந்த பையர் ஒன்றும் உத்தமன் இல்லை. பீஸுக்கு விலையைக் குறைத்துக் குறைத்து எங்கள் ஓவர்டைம் காசைத் தின்றவன். அதற்காக அந்தத் தாழ்ப்பாளைப் போடாமலா இருந்தேன்?

அப்புறம் என் தங்கை. ‘சுமங்கலித் திட்டம்’ என்று ஒரு நூல் மில்லில் சேர்த்தோம். மூன்று வருசம் ஹாஸ்டலில் இருந்தால் முடிவில் 30,000 ரூபாய். இரண்டு மாசம் பாக்கி இருக்கும்போது டைபாய்டு வந்தது, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பணம் இன்றுவரை வரவில்லை. அப்போது தங்கள் பத்திரிகைக்கு இரண்டு கடிதம் எழுதினேன். கடிதம் வரவில்லை, அந்த மில்காரர் வீட்டுக் கல்யாண போட்டோ வந்தது. பெண் நல்ல லட்சணமாக இருந்தாள்.

அமெரிக்கத் தொழிலாளர் துறை வைத்திருக்கும் கட்டாய உழைப்புப் பட்டியலில் சீனப் பஞ்சு மட்டுமல்ல, இந்திய நூலும் இருக்கிறது. தலையங்கத்தில் அதற்கு இடம் பற்றவில்லை போலும். சரி, அமெரிக்காக்காரனுக்கு யோக்கியதை இல்லை என்றே வைத்துக்கொள்வோம். தங்களுக்கு இருந்ததே, தாங்கள் கேட்டிருக்கலாமே?

இந்தக் கடிதத்தையும் போட மாட்டீர்கள் என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை வரும் ‘மில் வேலைக்குப் பெண்கள் தேவை, உணவு, தங்குமிடம் இலவசம்’ விளம்பரங்களில் மாசச் சம்பளம் எவ்வளவு என்ற ஒரு வரியையாவது கேட்டு வாங்கிப் போடுங்கள்.

இப்படிக்கு,
பழைய வாசகி, அவிநாசி