மே மாத விடுமுறையில் துருவ ஒளி தெரியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கோடை விடுமுறைப் பயணங்கள் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையையும், அதே பக்கத்தின் கீழ்ப்பாதியில் இடம்பெற்றிருந்த ஒரு சுற்றுலா நிறுவனத்தின் விளம்பரத்தையும் அடுத்தடுத்துப் படித்ததால் இக்கடிதத்தை எழுத நேர்ந்தது. ஐஸ்லாந்தின் பனியாறுகளையும் எரிமலைகளையும் பற்றிக் கட்டுரை நல்ல முறையில் சொல்லியிருந்தது. அதில் குறைகாண ஒன்றுமில்லை. விளம்பரமோ, 'மே மாதம், ஏழே நாளில் தீவு முழுவதும், துருவ ஒளி உறுதி' என்கிறது. இதே வாசகத்தை அச்சடித்த நோட்டீஸ் திருநெல்வேலி வண்ணார்பேட்டையிலும் விநியோகிக்கப்படுகிறது. அடுத்த கோடையில் என் தாயாரையும் மனைவி மக்களையும் அழைத்துக்கொண்டு அந்தத் தீவுக்குப் போவதென்று முடிவுசெய்து, அதற்கான விவரங்களைத் திரட்டிவருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: மே மாதத்தில் ஐஸ்லாந்தில் துருவ ஒளியைப் பார்க்க முடியாது. உறுதி என்ன, வாய்ப்பே இல்லை.

சூரியனிலிருந்து வரும் மின்னூட்டத் துகள்கள் பூமியின் காந்தப்புலத்தில் சிக்கித் துருவப் பகுதிகளை நோக்கி இறங்கி, தரையிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டருக்கு மேலே உள்ள ஆக்சிஜன், நைட்ரஜன் ஆகியவற்றோடு மோதும்போது வானில் உண்டாகும் வண்ண வெளிச்சம்தான் துருவ ஒளி. அது ஆண்டு முழுவதும் உண்டாகிறது. ஆனால் நம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் வானம் இருட்டியிருக்க வேண்டும். 64 டிகிரி வட அட்சரேகையில் இருக்கும் தலைநகர் ரெய்க்யாவிக்கில், மே மாத நடுவில் சூரியன் அதிகாலை நான்கு மணி வாக்கில் உதித்து, இரவு பத்தரை மணிக்கு மேல்தான் மறைகிறது. மறைந்த பிறகும் அந்தி வெளிச்சம் போவதில்லை. அதற்குள் மறுநாள் விடிந்துவிடுகிறது. செப்டம்பர் தொடங்கி ஏப்ரல் முற்பகுதி வரைதான் துருவ ஒளிக்கான காலம். அந்தக் காலத்திலும் மேகமில்லாத இரவு அமைய வேண்டும். மழையும் மேகமும் மிகுந்த அந்தத் தீவில் எந்த மாதத்துக்கும் 'உறுதி' என்ற சொல்லைப் பயன்படுத்த எவருக்கும் உரிமையில்லை. விளம்பரப் படங்களில் பச்சைப்பட்டு விரித்தாற்போல் காணப்படுவதும் கேமராவின் கைவண்ணம்; ஒளி வலுவற்றிருக்கும் இரவுகளில் வெறுங்கண்ணுக்கு அது வெளிறிய சாம்பல் பச்சையாகவே தெரியும் என்பதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

ஆகவே, நம் பக்கத்துக் குடும்பங்கள் முதலில் பார்க்க வேண்டியது இடங்களின் பட்டியலை அன்று; பள்ளி விடுமுறை எந்த மாதத்தில் வருகிறது, அந்த மாதத்தில் அங்கே எவ்வளவு நேரம் வெளிச்சம், சாலைகள் திறந்திருக்குமா, காற்று எப்படி என்பவற்றையே. டிசம்பர் இறுதியில் வரும் அரையாண்டு விடுமுறையில் ரெய்க்யாவிக்கில் காலை பதினொன்று இருபதுக்கு விடிந்து, பிற்பகல் மூன்றரைக்கு இருட்டிவிடுகிறது. பனிப்புயல் வந்தால் முதன்மைச் சாலையையே அடைத்துவிடுவார்கள். திருமணமான புதிதில் இருவராகப் போகிறவர்களுக்கு அது ஒத்துவரலாம். மூட்டுவலியுள்ள பெரியவர்களையும் சிறு பிள்ளைகளையும் அழைத்துச் செல்பவர்களுக்கு ஒத்துவராது. துருவ ஒளியைப் பார்த்தே தீர வேண்டுமென்ற குடும்பங்கள், செப்டம்பர் இறுதியில் வரும் காலாண்டு விடுமுறையைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பது என் கருத்து. அப்போது பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாக இருக்கும். சம இரவு நாளை ஒட்டிய வாரங்களில் பூமியின் காந்தக் கொந்தளிப்பும் சற்றே மிகுதி என்பதால் துருவ ஒளிக்கான வாய்ப்பும் கூடும். விடுமுறை குறுகியது என்பதுதான் அதிலுள்ள ஒரே இடைஞ்சல். ஏனோ, அந்த மாதத்தை நம் ஊர் நோட்டீஸ் எதிலும் நான் காணவில்லை.

மே மாதத்தைத் தேர்ந்தெடுத்தால், துருவ ஒளியை மறந்துவிட்டு அம்மாதம் தருவதை வாங்கிக்கொள்ள வேண்டும். அது தருவதும் குறைவன்று. நாங்கள் பயணத்தைப் பற்றி முதன்முதலாகப் பேசியபோது என் தாயார், "ஏய்யா, குத்தாலத்துல இல்லாத அருவியவா அங்க போயிப் பாக்கப் போறோம்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் மே மாதத்தில் குற்றாலத்தில் பெரும்பாலும் பாறையைத்தான் பார்க்கலாம். ஐஸ்லாந்திலோ அதே மாதத்தில் மலைப்பனி உருகி அருவிகள் பெருகிவிழுகின்றன. ரெய்க்யாவிக்கிலிருந்து தெற்குக் கடற்கரைச் சாலையில் போனால் செல்யாலாண்ட்ஸ்ஃபோஸ், ஸ்கோகாஃபோஸ் என்று ஏறத்தாழ 60 மீட்டர் உயரமுள்ள இரண்டு அருவிகள் சாலையிலிருந்தே தெரிகின்றன. முதலாவதன் பின்புறமாகவே நடந்து சுற்றிவர ஒரு பாதை உண்டு. வயதானவர்கள் வண்டி நிறுத்துமிடத்திலிருந்து சில நிமிடம் நடந்தால் போதும். ஆரஞ்சு அலகு கொண்ட பஃபின் பறவைகளும் ஏப்ரல், மே மாதங்களில் கடலிலிருந்து பாறை முகடுகளுக்கு வந்துசேர்ந்து ஆகஸ்டில் திரும்புகின்றன. கூந்தன்குளத்தில் மஞ்சள் மூக்கு நாரையையும் பூநாரையையும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அவற்றை விரும்புவார்கள். எனினும் கூடுகட்டும் பருவத்தில் சில முகடுகளுக்குப் போக விடுவதில்லை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். தீவின் நடுவிலுள்ள மேட்டுநிலச் சாலைகள் பெரும்பாலும் ஜூன் பிற்பகுதிக்கு மேல்தான் திறக்கப்படுகின்றன. எனவே மே மாதப் பயணத்துக்கு 'தீவு முழுவதும்' என்று ஒருவர் விளம்பரம் செய்தால், அவர் எதை முழுமை என்கிறார் என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

கடற்கரையை ஒட்டித் தீவைச் சுற்றிவரும் ஒன்றாம் எண் சாலையின் நீளம் 1,300 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஏழு நாளில் வருகையும் புறப்பாடும் போக மிச்சமிருக்கும் நாட்களால் அந்தத் தூரத்தை வகுத்துப் பார்த்தால், ஒவ்வொரு நாளும் வேறு ஊரில் பெட்டியைப் பிரித்துக் கட்டுவதும் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பதுமாகவே பொழுது போய்விடும் என்பது விளங்கும். கிராமப்புறத் தார்ச்சாலையில் அனுமதிக்கப்பட்ட வேகம் 90 கிலோமீட்டர், வழியில் ஒரே வண்டி போகக்கூடிய பாலங்கள் உண்டு, வலப்பக்கம் ஓட்ட வேண்டும், ரயில் கிடையாது. பனிக்கட்டிகள் மிதக்கும் யோக்குல்சார்லோன் ஏரி தலைநகரிலிருந்து ஏறத்தாழ 370 கிலோமீட்டர். அதை ஒரே நாளில் போய்த் திரும்பும் சுற்றுலாவாக விற்கிறார்கள். என் தாயாரை அப்படி அழைத்துப் போக எனக்கு மனம் வரவில்லை. ஆகவே நாங்கள் தலைநகரில் சில இரவுகள், தெற்குக் கரையில் விக் என்ற சிற்றூரின் பக்கம் சில இரவுகள் என்று இரண்டே இடத்தில் தங்குவதாகவும், நடுவில் எதுவும் எழுதாத நாளை வானிலைக்காக விட்டுவைப்பதாகவும் இருக்கிறோம். தலைநகரிலிருந்து ஒரு பகலில் திரும்பும் தொலைவிலேயே திங்வெட்லிர், கெய்சிர், குட்ல்ஃபோஸ் அருவி ஆகிய மூன்றும் உள்ளன. திங்வெட்லிரில் வட அமெரிக்கத் தட்டும் யூரேசியத் தட்டும் ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் வீதம் விலகிக்கொண்டிருக்கும் பிளவுகளுக்கிடையே நடக்கலாம். அத்தீவினர் 930ஆம் ஆண்டில் தங்கள் பொதுமன்றத்தைக் கூட்டத் தொடங்கிய இடமும் அதுவே. கெய்சிரில் ஸ்ட்ரொக்கூர் என்னும் வெந்நீர் ஊற்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை பீறிட்டு எழுவதால், எந்தக் குழந்தையும் காத்திருந்து சலித்துப்போகாது.

குளிரைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். காற்றைப் பற்றி எவரும் கேட்பதில்லை. மே மாதத்தில் பகல் வெப்பநிலை 10 டிகிரியை ஒட்டியே இருக்கும். வளைகுடா நீரோட்டம் என்னும் வெப்பக் கடல் நீரோட்டத்தின் கிளை ஒன்று தீவைத் தழுவிப் போவதால் நடுக் குளிர்காலத்திலும் ரெய்க்யாவிக்கின் சராசரி பூஜ்ஜியத்தை ஒட்டியதுதான். உடம்பை ஆட்டிவைப்பது ஈரத்தோடு சேர்ந்த காற்று. ஆடி மாதத்தில் கயத்தாறு, பணகுடிப் பக்கம் பைக் ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. என் தங்கை குடும்பம் டென்மார்க்கில் இருக்கிறது. அவர்கள் ஐஸ்லாந்துக்குப் போயிருந்தபோது, வண்டியை நிறுத்தி மாப்பிள்ளை கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே திறக்க, அந்த இடைவெளியில் உள்ளே இருந்த பிஸ்கட் பொட்டலமும் குழந்தையின் குல்லாவும் எழும்பிப் பறந்து வயல்வெளியைக் கடந்து போய்விட்டனவாம். கதவே பிய்ந்துபோவதும் உண்டு. வாடகை வண்டிக்கான சாதாரணக் காப்பீட்டில் காற்றால் ஏற்படும் கதவுச் சேதம் பெரும்பாலும் சேராது. வண்டியைக் காற்றுக்கு எதிர்முகமாக நிறுத்துவதே அங்குள்ள வழக்கம். குடை கொண்டுபோவது வீண். பருத்தித் துணி நனைந்தால் உடம்போடு ஒட்டிக் குளிரைக் கூட்டும். உள்ளே கம்பளி அல்லது தெர்மல் உடை, வெளியே நீர்புகாத சட்டையும் காற்சட்டையும், காலுக்குப் பிடிமானமுள்ள பூட்ஸ் என்றே அமைத்துக்கொள்ள வேண்டும். சேலையைத் தவிர வேறெதையும் உடுத்தாத பெரியவர்கள் உள்ளே தெர்மல் காற்சட்டை அணிந்து, சேலையைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டி, மேலே முழங்கால் வரை வரும் மழைக்கோட்டைப் போட்டுக்கொள்ளலாம். நாங்கள் அப்படித்தான் ஏற்பாடு செய்திருக்கிறோம். செருப்பு மட்டும் கூடாதென்பதில் தாயாரோடு இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.

விக்குக்கு அருகிலுள்ள ரெய்னிஸ்ஃபியாரா என்ற கருமணல் கடற்கரை எல்லா விளம்பரத்திலும் இருக்கிறது. அங்கே உயிர்கள் போயிருப்பது எதிலும் இல்லை. சிறுசிறு அலைகளாக வந்துகொண்டிருக்கும்போதே எதிர்பாராமல் ஒரு பேரலை கரையில் வெகுதூரம் ஏறி, திரும்பும்போது ஆளை இழுத்துச் சென்றுவிடும். 2025 ஆகஸ்டில்கூட ஒரு சிறுமி அப்படி இறந்தாள். எச்சரிக்கை விளக்கு வைத்து, எதுவரை போகலாம் என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள். திருச்செந்தூர்க் கரையில் கால் நனைத்துப் பழகிய பிள்ளைகளிடம் இதை வீட்டிலேயே சொல்லி, கையைப் பிடித்தபடிதான் கூட்டிப்போக வேண்டும்.

எரிமலையைப் பற்றிய அச்சத்துக்கும் ஒரு வார்த்தை. 2010இல் எயாஃபியாட்லாயோகுட்ல் வெடித்தபோது ஐரோப்பிய வான்வழி பல நாள் முடங்கியதை நினைவில் வைத்துக்கொண்டு பலர் தயங்குகிறார்கள். அது பனியாற்றுக்கு அடியில் வெடித்த எரிமலை. உருகிய நீர் பட்டு எரிமலைக் குழம்பு பொடிப்பொடியாகச் சிதறியதால்தான் அவ்வளவு நுண்சாம்பல் மேலெழுந்தது. 2021 முதல் ரெய்க்யானெஸ் தீபகற்பத்தில் நிகழ்ந்துவருபவை பெரும்பாலும் நிலம் நீளவாக்கில் பிளந்து குழம்பு வழிந்தோடும் வகை. விமானங்கள் பெரும்பாலும் வழக்கம்போல் இயங்கின. ஆனால் உள்ளூர் இழப்பு சிறிதன்று: 2023 நவம்பரில் கிரிண்டாவிக் என்ற ஊரையே காலிசெய்தார்கள், 2024 பிப்ரவரியில் குழம்பு வெந்நீர்க் குழாயை அறுத்ததில், இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் உறைகுளிரில் வீட்டுச் சூடின்றி இருந்தார்கள். பன்னாட்டு விமான நிலையமான கெஃப்லாவிக்கும் பெயர்பெற்ற வெந்நீர் நீராடுமிடமான நீலக் குளமும் இந்தத் தீபகற்பத்தில்தான் உள்ளன. எனவே நீலக் குளத்துக்கு முன்பதிவு செய்வோர், குளத்தை மூடிவிட்டால் பணம் திரும்ப வருமா என்று பார்த்துச் செய்வது நல்லது. பொது வெந்நீர்க் குளங்கள் ஊருக்கு ஊர் உண்டு, கட்டணமும் குறைவு. ஆனால் குளத்தில் இறங்குமுன் ஆண்களும் பெண்களும் தனித்தனிப் பொது அறைகளில் ஆடையின்றிச் சோப்புப் போட்டுக் குளித்தாக வேண்டும் என்பது அங்குள்ள கண்டிப்பான விதி. முன்பே தெரிந்திருந்தால் அங்கே போய் விழிக்க வேண்டியதில்லை.

சாப்பாட்டுச் செலவுதான் கையைக் கடிக்கும். சமையலறையுள்ள தங்குமிடத்தை எடுத்துக்கொண்டு, அரிசியும் பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் கல்லிடைக்குறிச்சி அப்பளமும் கொண்டுபோனால் பாதிக் கவலை தீரும். குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். தலைநகரில் வெந்நீரில் மட்டும் கந்தக வாடை வரும். தயிருக்கு ஈடாக ஸ்கிர் கிடைக்கிறது. பழைய முறையில் அதற்குக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருளைச் சேர்ப்பார்கள். ஆதலால் சைவர்கள் பொட்டலத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும்.

விசாவைப் பொறுத்தவரை, ஐஸ்லாந்து, பல ஐரோப்பிய நாடுகளுக்கு ஒரே விசா தரும் ஷெங்கன் அமைப்பில் உள்ள நாடு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். வழக்கமாக 15 நாள், சில வேளைகளில் 45 நாள் வரை ஆகலாம். பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறு வயது முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு 45 யூரோ கட்டணம். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் வேண்டும். இந்தியாவிலிருந்து நேரடி விமானம் இல்லாததால் ஐரோப்பிய நகரம் ஒன்றில் மாற வேண்டும். விலை குறைவென்று லண்டன் வழியாக எடுத்தால் பிரிட்டனுக்குத் தனியே டிரான்சிட் விசா தேவைப்படும். அந்தச் செலவு டிக்கெட் விலையில் தெரியாது. மே மாதம் போக எண்ணுபவர்கள் கார்த்திகையிலேயே ஆவணங்களைச் சேர்க்கத் தொடங்கினால்தான், கோடைக் கூட்ட நெரிசலில் சென்னை விசா மையத்தில் நேரம் கிடைக்காமல் அலைய நேராது.

தங்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே. விளம்பரங்களைத் தாங்கள் எழுதுவதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆயினும் இத்தகைய பயணக் கட்டுரையை வெளியிடும்போது, எந்த மாதத்தில் எதைக் காணலாம், எதைக் காண இயலாது என்று ஒரு சிறு கட்டத்தை அதே பக்கத்தில் அச்சிடுங்கள். முன்பணம் கட்டப்போகும் வாசகர் அதைக் கத்தரித்து எடுத்துப்போய் முகவரின் மேசையில் வைத்து, மே மாதத்தில் துருவ ஒளியை எப்படிக் காட்டப்போகிறார் என்று எழுத்தில் கேட்டு வாங்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
பாளையங்கோட்டை.